பிடிமண்ணும் வானராக்கினியும்

(மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியில் தேயிலைத் தோட்ட மக்களிடையே ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘பண்டைய இஸ்ரவேலில் பெண் தெய்வ வழிபாடும் அதன் மறைவும்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். படித்தவுடன், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட ஒருவர் மலையேறி வருகிறார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்த முடிச்சை முதலிலேயே காட்டிவிடுகிறேன். அதன் பெயர் பிடிமண்.

இந்த மலைக்கு உங்கள் பாட்டன் பூட்டன்மார் போடியிலிருந்து குரங்கணி வழியாக ஏறி வந்தார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின; ஆட்கள் நடந்துதான் ஏறினார்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறிய ரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. 1953இல் அணை வந்தது. 1963இல் சுவிஸ் நாட்டுக் கூட்டுறவில் மாட்டுப் பண்ணை வந்தது. இவை எல்லாம் ஆவணங்களில் உண்டு. ஆவணத்தில் இல்லாத ஒன்றும் கூடவே மலையேறியது. பிழைக்கப் போகும் தமிழர் ஊர்க்கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போவார்கள். போன இடத்தில் ஒரு மரத்தடியில் அதை இட்டுக் கல் நடுவார்கள். அன்றிலிருந்து அம்மன் அங்கேயும் இருப்பாள். ஊரில் இருக்கிறவள் குறைந்துபோக மாட்டாள். இங்கே வந்தவள் நகலாகவும் மாட்டாள். இலங்கை மலையகத்திலும் மலாயாத் தோட்டங்களிலும் நடந்தது இதுதான்.

ஒரு தெய்வம் இப்படிப் பல இடங்களில் இருக்கலாமா? சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் ஓர் அரசன் ‘கூடாது’ என்றான். இன்றைய என் பேச்சு அந்தக் ‘கூடாது’ பற்றியது.

ஜாடியில் எழுதிய ஆசி

முதலில் அந்தத் தெய்வத்தை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் அசேரா. 1928இல் சிரியாவின் கடற்கரையோரம் ஓர் உழவரின் கலப்பை ஒரு கல்லறைமேல் இடித்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய அகழாய்வில் உகரித் என்ற பழைய நகரம் வெளிப்பட்டது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் எல் என்ற முதுதெய்வத்தின் மனைவியாக, எழுபது தெய்வங்களின் தாயாக ‘அதிரத்’ வருகிறாள். இவள் பெயரே எபிரேயத்தில் அசேரா. எபிரேய வேதத்தில் இந்தச் சொல் 40 இடங்களில் இருக்கிறது. பெரும்பாலும் வெட்டு, எரி, பிடுங்கு என்ற வினைகளோடுதான் வருகிறது.

வேதத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அவள் அயலாருடைய தெய்வம், இஸ்ரவேலர் அவ்வப்போது வழிதவறிப் போய் வணங்கினார்கள் என்றுதான் தோன்றும். அந்தத் தோற்றத்தைக் கலைத்தவை இரண்டு கண்டெடுப்புகள். 1967இல் எப்ரோன் அருகே கிர்பெத் எல்-கோம் என்ற இடத்தில், கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றின் எழுத்துப் பொறிப்பு வில்லியம் டீவர் என்ற ஆய்வாளரின் கவனத்துக்கு வந்தது. உரியாகு என்பவரை இஸ்ரவேலரின் கடவுளான யாவே ஆசீர்வதித்ததையும், பகைவர் கையிலிருந்து அவர் காக்கப்பட்டதையும் சொல்லும் அந்தப் பொறிப்பு, கூடவே ‘அவருடைய அசேரா’வையும் சொல்கிறது. பிறகு 1975–76இல் சீனாய்ப் பாலையின் வணிகப் பாதையில், குந்தில்லத் அஜ்ருத் என்ற மேட்டில் செயெவ் மெஷெல் அகழ்ந்தார். கி.மு. 800ஐ ஒட்டிய காலம். பெரிய சேமிப்பு ஜாடிகளில் படங்களும் ஆசி வாக்கியங்களும் இருந்தன. சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும் ஆசீர்வதிக்கட்டும் என்ற பொருளில் ஒன்று. தேமானின் யாவேயும் அவருடைய அசேராவும் என்று வேறு சில.

‘சமாரியாவின் யாவே’, ‘தேமானின் யாவே’. இதைப் படித்த மேலை அறிஞர்கள் பலர் திகைத்தார்கள். கடவுளுக்கு எதற்கு ஊர்ப்பெயர் என்று. நமக்குத் திகைப்பு வராது. சமயபுரத்து மாரி, இருக்கன்குடி மாரி, வீரபாண்டி கௌமாரி என்று சொல்லிப் பழகிய நாக்கு நம்முடையது. யாவே ஒருவர்தான், ஆனால் அவருக்கும் பிடிமண் எடுத்திருக்கிறார்கள். போன இடமெல்லாம் அவரோடு அசேராவும் போயிருக்கிறாள்.

அந்த ஜாடிகளில் ஒன்றில் இன்னொரு படமும் உண்டு. கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு. மாட்டுப்பட்டி என்று பெயர் வைத்துக்கொண்ட ஊரில் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மரமா, அம்மனா?

அசேரா என்றால் தெய்வத்தின் பெயரா, தெய்வத்துக்கு நட்ட மரக்கம்பத்தின் பெயரா என்று ஐம்பது ஆண்டுகளாக அறிஞர்கள் வாதிடுகிறார்கள். கம்பம் என்பவர்களின் வாதம் வலுவானது: எபிரேய இலக்கணத்தில் ஒருவரின் சொந்தப் பெயரோடு ‘அவருடைய’ என்ற விகுதி ஒட்டாது. ஆகவே ‘அவருடைய அசேரா’ என்பது ஒரு பொருள், ஆள் அல்ல. எதிர்த்தரப்பு, அந்தப் பொருள் யாருடைய அடையாளம் என்று கேட்கிறது. லாகீசில் கிடைத்த கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் குடுவையில் ஒரு மரமும் இருபுறம் ஆடுகளும் தீட்டப்பட்டிருக்கின்றன. தேவி என்று பொருள்படும் ‘எலத்’ என்ற சொல் சரியாக அந்த மரத்தின் தலைக்கு மேல் எழுதப்பட்டிருக்கிறது. தானாக் என்ற ஊரில் 1968இல் கிடைத்த மண் பீடத்தில் ஓர் அடுக்கில் சிங்கங்களின் காதைப் பிடித்து நிற்கும் பெண். இன்னோர் அடுக்கில் அதே சிங்கங்களுக்கு நடுவே மரம். பெண் நின்ற இடத்தில் மரம் நிற்கிறது.

இந்த வாதத்தை உங்கள் எஸ்டேட்டில் ஒரு பாட்டியிடம் கொண்டுபோய்ப் பாருங்கள். மரத்தடியில் சூலம் நட்டிருக்கிறது. ‘பாட்டி, இது அம்மனா, அம்மனுடைய சூலமா?’ என்று கேளுங்கள். ‘செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசு’ என்பார். கேள்வியே அங்கே முளைக்காது. அறிஞர்களின் இலக்கணக் கேள்வியை நான் தள்ளவில்லை. வணங்கியவர்களுக்கு அந்தக் கோடு அவ்வளவு கூர்மையாக இருந்திருக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

நூலும் மாவும் களிமண்ணும்

அசேராவுக்கு யார் என்ன செய்தார்கள்? இதற்கு அவளை எதிர்த்தவர்களே சாட்சி. எருசலேம் ஆலய வளாகத்திலேயே பெண்கள் அவளுக்குத் துணி நெய்தார்கள் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் சொல்கிறது. நெய்த வீடுகளை இடித்தது பற்றிய குறிப்பு அது. இடித்ததால்தான் நெய்தது நமக்குத் தெரிகிறது. பாலைவனத்துக் குந்தில்லத் அஜ்ருத்திலும் நூறளவு துணித்துண்டுகள் கிடைத்தன, பெரும்பாலும் நார்த்துணி.

எரேமியா தீர்க்கதரிசி ஒரு குடும்பக் காட்சியைக் கோபத்தோடு வரைகிறார். பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாவு பிசைந்து வானராக்கினி என்ற தேவிக்குப் பணியாரம் சுடுகிறார்கள். கோபத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் நம் வீட்டில் மாவிளக்குப் போடும் நாள்தான். இந்த வானராக்கினி அசேராவா, அஸ்தரோத்தா, பாபிலோனிய இஷ்தாரா என்பதில் ஒருமித்த முடிவில்லை. அந்தப் பணியாரத்துக்கான எபிரேயச் சொல் மட்டும் பாபிலோனிய மொழியிலிருந்து வந்தது.

மூன்றாவது, களிமண். யூதாவின் வீடுகளில் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட சிறு மண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. மேலே பெண் முகம், இரு கைகளாலும் தாங்கிய மார்பு, கீழே தூண். உள்ளங்கையில் நிற்கும் அளவு. அவை அசேராதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிள்ளைப்பேறும் தாய்ப்பாலும் பெரும் கவலையாக இருந்த வீடுகளில் அவை இருந்தன என்று சொல்லலாம். அதே காலத்தில், அதே எருசலேமில், ஒரே கடவுளைப் பற்றி ஏசாயா முழங்கிக்கொண்டிருந்தார். முழக்கம் தெருவில், பொம்மை வீட்டுக்குள்.

ஒரே பீடம்

அரச குடும்பத்துக்கும் அவள் வேண்டியவள்தான். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் ஆசா அரசன், அசேராவுக்கு உருவம் செய்தாள் என்பதற்காகத் தன் பாட்டி முறையான மாகாளை ராஜமாதா பதவியிலிருந்து இறக்கினான். பின்னால் வந்த எசேக்கியா அரசன் அசேராவை வெட்டினான். அவன் மகன் மனாசே அவளை மீண்டும் ஆலயத்துக்குள் வைத்தான். ரபேல் பாட்டை என்ற அறிஞர் 1967இல் வெளியிட்ட நூலில் கணக்குப் போட்டார்: சாலொமோன் கட்டிய ஆலயம் நின்ற 370 ஆண்டுகளில் 236 ஆண்டுகள் அசேரா அதற்குள் இருந்திருக்கிறாள். மூன்றில் இரண்டு பங்குக் காலம் வீட்டில் இருந்தவளை வழிதவறி வந்தவள் என்று சொல்ல முடியுமா?

கி.மு. 622ஐ ஒட்டி யோசியா அரசன் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது ஒரு நியாயப்பிரமாணப் புத்தகம் கிடைத்தது. அது உபாகமத்தின் ஆதி வடிவம் என்பது பெரும்பாலோர் கருத்து. அதன் சாரம், ஆண்டவர் தெரிந்துகொண்ட ஒரே இடத்தில் மட்டுமே பலி. யோசியா ஊர் ஊராக இருந்த மேடைகளை இடித்தான். ஆலயத்திலிருந்த அசேராவைக் கீதரோன் ஓடைக்குக் கொண்டுபோய் எரித்து, தூளாக்கி, கல்லறைகள்மேல் தூவச் செய்தான்.

சமய வைராக்கியம் இதில் உண்டு. கூடவே கணக்கும் உண்டு. கி.மு. 722இல் வடநாடான சமாரியாவை அசீரியர் அழித்துவிட்டார்கள். யோசியா காலத்தில் அசீரியாவே தளர்ந்துகொண்டிருந்தது. சிறிய நாடு தன்னை ஒரு தலைநகர், ஒரு கருவூலம், ஒரு பீடம் என்று இறுக்கிக்கொள்ளப் பார்த்தது. ஊர்க்கோயில் மூடினால் ஊர்க் காணிக்கை எருசலேமுக்கு வரும். ‘ஆண்டவர் ஒருவரே’ என்ற உபாகம வாசகம் பிற தெய்வங்களை மட்டுமல்ல, சமாரியாவின் யாவே, தேமானின் யாவே என்ற ஊர்ப்பெயர்களையும் குறிவைத்தது என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அதாவது பிடிமண்ணுக்குத் தடை.

இந்தத் தடை ஆண் தெய்வத்தைவிடப் பெண் தெய்வத்தைத்தான் அதிகம் பாதித்தது. யாவேக்குத் தலைநகரில் ஆலயம், குருமார், புத்தகம் எல்லாம் இருந்தன. அவள் நூலிலும் மாவிலும் களிமண்ணிலும் மரத்திலும் இருந்தவள். அடுப்படியும் தோட்டமும் வழிபாட்டு இடம் அல்ல என்று சொன்ன நாளில் அவளுக்கு இடமே இல்லாமல் போயிற்று. அதற்கு முன்பே ஓசியா தீர்க்கதரிசி இன்னொரு காரியம் செய்திருந்தார். யாவேயின் மனைவி இஸ்ரவேல் மக்களே என்று உருவகம் செய்தார். தேவியின் ஆசனத்தில் ஒரு ஜனக்கூட்டத்தையே உட்கார்த்திவிட்டார்.

எகிப்தில் நடந்த விவாதம்

யோசியா கி.மு. 609இல் மெகிதோவில் கொல்லப்பட்டான். கி.மு. 586ஐ ஒட்டிப் பாபிலோனியர் எருசலேமை எரித்தார்கள். எகிப்துக்கு ஓடிய அகதிகளிடம் எரேமியா சொன்னார்: நீங்கள் வானராக்கினிக்குத் தூபம் காட்டியதால்தான் இந்தக் கேடு. அதற்குப் பெண்களும் அவர்களுடைய கணவன்மாரும் சொன்ன பதில் எரேமியாவின் புத்தகத்திலேயே பதிவாகியிருப்பது பெரிய ஆச்சரியம். தூபம் காட்டிய காலத்தில் வயிறாரச் சாப்பிட்டோம், நிறுத்திய நாள் முதல்தான் வாளாலும் பஞ்சத்தாலும் அழிகிறோம் என்பது அவர்கள் வாதம். ஒரே அழிவு, இரண்டு விளக்கம். அம்மனுக்குக் கொடை நின்றதால் ஊருக்கு அம்மை வந்தது என்று வாதிடும் குரலை நாம் கேட்டதில்லையா? வென்றது எரேமியாவின் விளக்கம். புத்தகத்தைத் தொகுத்தவர்கள் அவர் பக்கம்.

தோற்றவர்களின் குரல் முழுக்க அடங்கிவிடவில்லை. நைல் நதியில், அஸ்வான் அருகே எலிபன்டைன் தீவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒரு யூதப் படைக்குடியிருப்பு இருந்தது. எருசலேம் மட்டும்தான் என்ற சட்டம் அவர்களைக் கட்டவில்லை; யாகு என்று அவர்கள் அழைத்த யாவேக்கு அங்கேயே கோயில் வைத்திருந்தார்கள். கி.மு. 410இல் அதை எகிப்தியர் இடித்தார்கள். அங்கே கிடைத்த பாப்பிரஸ் தாள்களில், கி.மு. 400ஐ ஒட்டிய ஒரு வசூல் பட்டியல் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு சேக்கல். நம் திருவிழாவின் தலைக்கட்டு வரி மாதிரி. கொடுத்தவர்களில் பெண்களும் பலர். கடைசியில் பங்கீடு: யாகுவுக்கு 126 சேக்கல், ஆனத்-பெத்தேல் என்ற தேவிக்கு 120 சேக்கல், அசிம்-பெத்தேல் என்ற தெய்வத்துக்கு 70. வேறொரு தாளில் ஒருவர் ஆனத்-யாகுவின் பேரில் சத்தியம் செய்கிறார். எருசலேமில் தடைப்பட்ட பழைய வழக்கத்தின் ஒரு கிளை எல்லையோரத் தீவில் தழைத்திருந்தது.

எருசலேமுக்குத் திரும்பியவர்களின் ஊரிலோ, பாரசீகர் காலத்து மண்ணடுக்கில், அந்த மண் பொம்மைகள் ஏறக்குறைய காணாமல் போகின்றன. அந்தக் காலத்துச் சகரியா ஒரு தரிசனம் காண்கிறார்: மரக்காலுக்குள் ஒரு பெண்ணை அடைத்து, ஈய மூடி போட்டு, பாபிலோன் தேசத்துக்குத் தூக்கிப் போகிறார்கள், அங்கே அவளுக்கு ஒரு வீடு கட்டுவார்களாம். தேவியை நாடுகடத்தும் காட்சி இது என்று படிக்கும் அறிஞர்கள் உண்டு.

தோப்பில் ஒளிந்தவள்

அரசன் எரித்த பிறகும் பெயர் புத்தகத்தில் மிஞ்சியிருந்தது. அதையும் மறைத்தது மொழிபெயர்ப்பு. கி.மு. 3, 2ஆம் நூற்றாண்டுகளில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அசேராவைப் பெரும்பாலும் ‘தோப்பு’ என்று எழுதினார்கள். லத்தீனும் அதைப் பின்பற்றியது; 1611இன் ஆங்கில வேதமும் பின்பற்றியது; நம் பழைய தமிழ் வேதாகமமும் பின்பற்றியது. ‘தோப்பு விக்கிரகம்’ என்று அதில் வருவது இவள்தான். இங்கே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் சிறுவயதிலிருந்து அவளைப் பற்றி வாசித்திருக்கிறார்கள், அவள் என்று தெரியாமலே.

அது தவறான மொழிபெயர்ப்பு. ஆனால் மலையாள மண்ணில் அந்தத் தவறுக்குப் புதிதாக ஒரு பொருள் கிடைக்கிறது. இங்கே தோப்புக்குக் காவு என்று பெயர். பகவதி இருக்கும் இடம் காவு. தமிழ்க் காப்பியத்தில் மலைக்குறவர் கண்ணகியைக் கண்டதும் ஒரு வேங்கை மரத்தடியில்தான். குமுளிக்கு மேலே கண்ணகியின் மங்கலதேவி கோட்டத்துக்குச் சித்திரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் ஏறிப்போகிறவர்களுக்கு அந்த வழியின் மரங்கள் தெரியும்.

நம் நாட்டில் பழைய தேவியருக்கு என்ன நடந்தது? எரிக்கவில்லை; மணமுடித்து வைத்தார்கள். பாலை நிலத்துக் கொற்றவை துர்க்கையோடும் உமையோடும் கலந்தாள். மதுரையில் அரசாண்ட மீனாட்சி சொக்கரின் துணைவியானாள். இது மென்மையான வழி என்று பெருமைப்படலாம். ஆனாலும் கொற்றவை என்று பெயர் சொல்லிக் கும்பிடுகிறவர் இன்று எத்தனை பேர்? உறவாலும் ஒரு பெயர் அழியும். மீனாட்சி பிழைத்தது வேறு விதம். மதுரையை விட்டு மலையேறியபோது மீனாட்சியை முதுகில் சுமந்து வந்தவர்கள் என்று ஒரு மரபு இங்குள்ள முதுவர் பழங்குடியினரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. வரலாறாக அதை நிறுவ முடியாது. ஊரை இழந்தாலும் தெய்வத்தை இழக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. எலிபன்டைன் யூதர்களுக்கு அது புரிந்திருக்கும்.

யூத சமயத்திலும் ஆசனம் காலியாகவே இருந்துவிடவில்லை. நீதிமொழிகளில் ஞானம் ஒரு பெண்ணாகப் பேசுகிறது. இடைக்கால ஞானியர் கடவுளின் உடனுறையும் தன்மையை ‘ஷெக்கினா’ என்று பெண்ணாகவே கண்டார்கள். ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் பாடலை 16ஆம் நூற்றாண்டில் சாபேத் நகரத்தில் சாலொமோன் அல்காபெத்ஸ் இயற்றினார். 

இன்னொரு கதை. எலியா தீர்க்கதரிசி கார்மேல் மலைக்குப் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேரையும் அசேராவின் தீர்க்கதரிசிகள் 400 பேரையும் வரச்சொன்னார். போட்டியின் முடிவில் பாகாலின் ஆட்கள் கொல்லப்பட்டார்கள். அந்த 400 பேர் என்ன ஆனார்கள்? கதை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இப்போது மூணாறுக்கு வாருங்கள். 1898இல் எழுந்த பழைய தேவாலயத்தின் பெயர் கார்மேல் மலை. அந்த மலையின் பெயரைத் தாங்கியிருப்பவள் கார்மேல் அன்னை. அசேராதான் மரியாளாக வந்தாள் என்று நான் சொல்லவில்லை; திருச்சபை ஒப்பாது, வரலாறும் ஒப்பாது. எலியாவின் மலை இன்று ஒரு தாயின் பெயரோடு சேர்ந்து வழங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஒரு வேண்டுகோள்

அசேராவைப் பற்றி இராஜாக்களின் புத்தகம் சொன்னது அவளை எரித்த கதை. அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதை நமக்குச் சொன்னவை வேறு: வழிப்போக்கர் ஜாடியில் கிறுக்கிய ஆசி, ஒரு கல்லறைச் சுவர், வீட்டு மூலையில் உடைந்து கிடந்த பொம்மை, ஒரு வசூல் பட்டியல். யாரும் வரலாறு என்று நினைத்து எழுதியவை அல்ல இவை.

உங்கள் டிவிஷன் கோயில்களிலும் திருவிழா வரி நோட்டுகள் இருக்கும். யார் எவ்வளவு கொடுத்தார்கள், மேளத்துக்கு எவ்வளவு, பொங்கல் பானைக்கு எவ்வளவு என்று பென்சிலில் எழுதிய கோடு போட்ட நோட்டுகள். அடுத்த முறை லயத்தைச் சுத்தம் செய்யும்போது அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிடிமண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அறிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அதை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். கொண்டு வந்தவரின் பெயரையும் சேர்த்து.